வேமந்தன் வளவு

யோகராஜாவுக்கு நான் சொன்னது பொய் என்று லண்டன் டூட்டிங்கில் பேசிக்கொள்கிறார்கள். சபாரத்தினத்தின் தம்பி மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவரோ கோயில் வாசலில் நின்று, பிள்ளை பரம்பரை வளவுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். குடும்ப மானத்துக்கு அஞ்சிப் புளுகிவிட்டார் என்பது கதை. அந்தச் சபாரத்தினம் நான்தான். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்த பிறகு யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

என் தம்பி சச்சிதானந்தனின் வீடு கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே முகம், முன்னால் ஒரே மாதிரிக் குப்பைத் தொட்டிகள். ஆனால் அவன் வீட்டை யாரும் தேட வேண்டியதில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதில் 'வேமந்தன் வளவு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கும். நான்தான் செய்வித்துப் பொருத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போய்த் துலக்குவேன். பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறேன், தனி ஆள்.

வட்டுக்கோட்டையில் எங்கள் வீடும் தோட்டமும் கிணறும் சேர்ந்த வளவுக்கு அதுதான் பெயர். எங்கள் அப்பா பண்டிதர், தலைமை ஆசிரியராக இருந்தவர். ஊரில் பெயரை ஆளுக்கொரு மாதிரிச் சிதைத்துச் சொல்வார்கள். எங்கள் அம்மாவே அதை வாலறுத்துத்தான் சொல்லுவா. அப்பாவுக்கு அது பொறுக்காது. ஏமந்தம் என்றால் முன்பனிக்காலம். அந்தக் காலத்தில் பிறந்த ஏமந்த முதலி என்பவர் அரசனிடம் மானியமாகப் பெற்ற காணி இது. அவர் பெயர்தான் மருவி வேமந்தன் ஆயிற்று என்று அப்பா முடிவு கட்டினார். அதற்குச் சாட்சியும் இருந்தது. பழைய கல்வீட்டின் மேற்குச் சுவரில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய மாடம் ஒன்று. உள்ளே கரி ஏறிய செங்கல். அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகும் ஒரு கூடு. மாரியில் அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகும். வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. முதலியார் யாகம் வளர்த்த குண்டம் அது என்றார் அப்பா. அதுவரை அதற்குள் கோழிகள் அடைந்தன. அப்பா கோழிகளைக் கலைத்து, கழுவி வெள்ளையடித்து, மார்கழி பிறந்தால் முதலியாருக்கு அங்கே விளக்கு வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தை நானும் சச்சியும் மாறி மாறிப் பிடித்திருக்கிறோம்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டு நடந்தோம். பிறகு ஷெல் விழுந்து வீடு போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. அதைத்தான் மனோர் பார்க்கில் சுவரில் அறைந்து வைத்தேன்.

இந்த வருடம் சித்திரையில், பஸ் டிப்போவில் சீருடையோடு நின்றபடியே சச்சிக்கு ஸ்ட்ரோக் வந்தது. உயிர் தப்பியது. வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. பத்திருபது சொல்லைக் கேட்டால் ஒன்று வரும், அதுவும் குழறி வரும். அவன் மனைவி நீலவேணி, முன்பு தெரிந்தவர் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் செய்து கொடுத்துவந்த ரோல்ஸை இப்போது ஓடர் எடுத்துச் செய்யத் தொடங்கினாள். பிறந்தநாளுக்கு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு, யாரோ முகம் தெரியாதவர்களின் பார்ட்டிக்கு என்று வீடு முழுக்க ஆட்டிறைச்சியும் பொரித்த எண்ணெயும் மணக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. முதலியார் வளவு மருமகள் ஊருக்குப் பலகாரம் சுட்டு விற்பதா என்று இருந்தது. யாராவது கேட்டால், பொழுது போகாமல் செய்கிறா என்று சொல்லிவைத்தேன்.

அவர்கள் மகள் மேனுஷா, பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிப்பவள், வேலையோடு வேலையாக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் ஆண்டில் வெர்மொன்ட் என்ற அமெரிக்க மாநிலத்தில் என்ன நடந்தது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு வருடம் அங்கே வந்திருந்து எழுத அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டிருந்தது. ஓகஸ்ட் பிறக்குமுன் பதில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோக் வருவதற்கு முந்திய வாரம் அவள் சச்சியிடம் கேட்டிருக்கிறாள். "பெரியப்பாவைக் கேள்" என்றானாம். அவன் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஆகவே அந்த வீடு என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. நான் கூடாது என்றேன்.

அடுப்படியில் வைத்துத்தான் சொன்னேன். நீலவேணி தோசை போல மெல்லிய அப்பங்களைச் சுட்டு அடுக்க, மேனுஷா அவற்றில் கறியை வைத்து மடித்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. அந்தக் கோடை முழுக்க மழைதான்.

"ஒரு வருஷம்தானே பெரியப்பா. அடுத்த யூலை திரும்பி வந்திடுவன்."

"ஒரு வருஷம் எண்டுதான் நாங்களும் லண்டனுக்கு வந்தனாங்கள்."

"அண்ணை, அந்தத் தட்டை இஞ்சாலை தள்ளுங்கோ," என்றாள் நீலவேணி. தட்டைத் தள்ளினேன்.

"கொப்பர் கதைக்க ஏலாமல் கிடக்கேக்கை நீ தனியப் போறதோ? சபையிலை நாலு பேர் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? வேமந்த முதலி வளவுப் பிள்ளை, போயும் போயும் வெர்மொன்ட்டுக்கோ? அங்கை என்ன கிடக்கு?"

"ஸ்னோ கிடக்கு," என்றாள்.

"பகிடி விடாதை. ரெண்டு தரம் ஓடினது போதும். இந்தக் குடும்பத்திலை இனி ஒருத்தரும் ஓடுறேல்லை."

"நான் ஓடேல்லை பெரியப்பா. போறன்."

"ஓடுறதுக்கும் போறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"விசா," என்றாள். நீலவேணி அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் கவனிக்காதது போல் இருந்தேன். மகள் போக வேண்டும் என்றுதான் தாய்க்கு இருந்தது. ஆனால் அந்த வீட்டில் என் சொல்லைத் தாண்டி யாரும் நடந்ததில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் வெள்ளைக்காரப் பெண் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். தினமும் தொடர்ந்து போகும் ஒரு கதையைச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, ஒரு சொல்லை அவரைச் சொல்ல வையுங்கள். நாடகம், கிரிக்கெட் எதிலும் சச்சிக்கு மனம் ஒட்டவில்லை. மேனுஷா தன் வெர்மொன்ட் கதையைச் சொல்லத் தொடங்கினாள். பின்னேரங்களில் அவனை முன் அறையில் சாய்நாற்காலியில் இருத்தி, காலடியில் ரோல்ஸ் தட்டோடு அவளும் உட்கார்ந்துவிடுவாள். நான் பேப்பரை விரித்துப் பிடித்தபடி யன்னலோரம் இருப்பேன். காது என்னவோ அங்கேதான்.

"யூன் மாசம் அப்பா. சோளம் முளைச்சு நிக்குது. செம்மறிக்கு மயிர் வெட்டின கையோடை ஸ்னோ கொட்டுது. முழங்காலளவுக்கு."

"யூனிலையோ?" என்றாள் நீலவேணி. "ஆட்டுக்கு என்ன செய்தவை?"

"வெட்டின மயிரைத் திருப்பி ஆட்டிலை கட்டிவிட்டவையாம்."

"பாவங்கள். ஆடு பாவமோ ஆக்கள் பாவமோ எண்டு தெரியேல்லை."

"சொல்லுங்கோ அப்பா. ஆடு."

"ஆ...டு," என்றான் சச்சி. வாயோரம் வழிந்ததை நீலவேணி துடைத்துவிட்டாள்.

அடுத்த நாள் குருவிகள் குளிருக்கு வீட்டுக்குள்ளே பறந்து வந்து விழுந்தன. அதற்கடுத்த நாள் சூரியன் மங்கி, வெறுங்கண்ணால் நேரே பார்க்கலாம் போல் ஆயிற்று. மூன்று தரம் விதைத்தார்கள். மூன்று தரமும் உறைபனி வந்து கருக்கிற்று. ஓர் ஆண்டு முழுக்க அங்கே கோடையே வரவில்லை.

"என்ன காரணமாம்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"அதுக்கு முந்தின வருஷம் இந்தோனேசியாவிலை ஒரு எரிமலை வெடிச்சது பெரியப்பா. அந்தச் சாம்பல் மேலை போய்ச் சூரியனை மறைச்சது. அவைக்கு அது தெரியாது. தாங்கள் செய்த பாவம் எண்டு சேர்ச்சிலை அழுதவை."

"சோளமும் இல்லையெண்டால் என்னத்தைத் திண்டவை?" இது நீலவேணி. அவளுக்குச் சரித்திரம் என்றால் சாப்பாடு.

"காஞ்சோண்டி இலை அவிச்சவை. முள்ளம்பன்றி அடிச்சவை. பிறகு கடற்கரையிலை இருந்து பீப்பாவிலை உப்புமீன் வந்தது. சனம் அதிலைதான் உயிர் தப்பினது."

"நாங்கள் சண்டைக்குள்ளை தகரத்திலை அடைச்ச ரின்மீனிலை சீவிச்ச மாதிரி."

"ரின்மீன்," என்றான் சச்சி.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். உடைவே இல்லாமல் வந்த சொல். நீலவேணி ரஸ்க் தூள் பூசிய கையால் கண்ணைத் துடைத்து, பிறகு அந்தக் கண்ணைக் கழுவ எழுந்து ஓடினாள்.

அறுவடையும் பொய்த்த பிறகு அந்தச் சனங்கள் வீடு வளவை விட்டு, மாட்டுவண்டியில் சட்டி பானை ஏற்றிக்கொண்டு மேற்கே ஒஹாயோவுக்குப் போனார்கள். தெரு முழுக்க வண்டி. சில ஊர்களில் ஆளே இல்லாமல் போயிற்று. மேனுஷா இதைச் சொன்ன அன்று சச்சி இடக்கையால் நாற்காலிப் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தொண்ணூற்றைந்தில் செம்மணி வெளியில், மழையில், முன்னால் போகிறவரின் முதுகில் முட்டி முட்டி நடந்தது எங்கள் மூவருக்கும் ஞாபகம். அவள் அன்று பிறக்கவில்லை.

"வீட்டைப் பூட்டினவையோ?" என்று நீலவேணி கேட்டாள்.

"என்ன அம்மா?"

"போகேக்கை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவையோ, திறந்தபடி விட்டவையோ?"

மேனுஷா தாயின் பக்கம் திரும்பினாள். "ஒருத்தரும் இதைக் கேட்கேல்லை. ஒரு புத்தகத்திலையும் இல்லை. அங்கை போய்த் தேடினால்தான் தெரியும்." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

யூலை கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் அவள் பதில் எழுத வேண்டும். வரவில்லை என்று எழுதப்போவதாகத் தாயிடம் சொல்லியிருந்தாள். கதையும் முடிந்துவிட்டது. அவள் தட்டை ஒதுக்கி வைத்து, "அப்பா, இவ்வளவு நாளும் அந்த இடத்தின்ரை பெயரைச் சொல்லப் பழக்கேல்லை. கஷ்டமான சொல். ஒருக்கால் சொல்லிப் பாப்பமோ? வெர்மொன்ட்," என்றாள்.

"வே..."

"வெர்."

"வே...ம..."

"அவசரப்படாமல் சொல்லுங்கோ."

"வேமண்டு," என்றான் சச்சி.

என் கையில் பேப்பர் அப்படியே நின்றது. அது என் அம்மாவின் குரல். 'வேமண்டு வளவுக் கோழியெண்டு ஊருக்கே தெரியும், ஆர் பிடிச்சது?' என்று வேலியோரம் நின்று கத்துவா. உழ வருகிறவர்களும் கள்ளுச் சீவ வருகிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 'வேமந்தன் எண்டு சொல்லு' என்று அப்பா அவர்களை நிறுத்தி வைத்துத் திருத்துவார்.

சச்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அசையாத வலக்கன்னம் அப்படியே இருக்க, மற்றப் பாதி வாயால் சிரித்தான். இடக்கையைத் தூக்கி என் முதுகுக்குப் பின்னால் காட்டினான்.

திரும்பிப் பார்த்தேன். லண்டனில் எல்லாப் பழைய வீடுகளிலும் இருப்பதுதான். முன் அறைச் சுவரில் கணப்பு அடுப்பு; யாரும் இப்போது எரிப்பதில்லை. சுவாமிப் படங்களை அதற்குள் வைத்திருந்தோம். செங்கல் வளைவு, உள்ளே கரி, மேலே கூரையைத் தாண்டிப் போகும் கூடு. வெள்ளிக்கிழமை தோறும் நானே அதில் விளக்கு வைத்திருக்கிறேன். இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன்.

"என்ன பெரியப்பா? ஏன் எழும்பிறியள்?"

"அண்ணை, தேத்தண்ணி ஊத்திப்போட்டன்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தகட்டைப் பார்க்காமல் தெருவில் இறங்கினேன்.

வீட்டுக்குப் போக மனமில்லை. வான்ஸ்டெட் வெளியைச் சுற்றி நடந்தேன். நாயோடு வந்தவர்கள்கூட மழைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் போயிற்று. அப்பாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. வேர் இல்லாத ஒரு சொல்லை அவரால் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. வேர் ஒன்றைக் கொடுத்தார், அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு அமெரிக்கப் பாதிரிகள் வந்ததும், பள்ளிக்கூடம் வைத்ததும், அவர்களை ஊரார் ஐயர் என்று கூப்பிட்டதும் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. ஆனால் அவர்கள் குடியிருந்தது எங்கள் வளவில் அல்ல என்று இருந்தோம். நாங்கள் சைவர்கள், முதலி வம்சம்.

இனி என்ன? இது சச்சிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சச்சியால் பேச முடியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை பிள்ளை வரவில்லை என்று எழுதிவிடுவாள். தகடும் இருக்கும், பிள்ளையும் இருப்பாள். நடந்து நடந்து அந்த வெளியைத் திரும்பவும் ஒரு சுற்றுச் சுற்றினேன். மழை விடவில்லை.

மறுநாள் காலை நீலவேணி போன் செய்தாள். "அண்ணை, இவர் விடிஞ்சதிலை இருந்து ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணியும் வேண்டாமாம். வாசலைக் காட்டுறார். உங்களைத்தான் தேடுறார் போலை."

"என்ன சொல்லாம்?"

"நேற்றுச் சொன்ன அதே சொல்தான்."

போனேன். அடுப்படியில் மேசை நிறைய அப்பங்கள். மத்தியானம் ஒரு கலியாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமாம். சச்சியையும் அங்கேயே கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் சத்தம் நின்றது. கதிரையில் உட்காராமலே சொன்னேன்.

"மேனுஷா, நீ போ."

அவள் கையிலிருந்த ரோல் முட்டைக்குள் விழுந்தது.

"ஆனால் ஆரும் கேட்டால், எங்கடை வளவுக்குப் போறன் எண்டு சொல்லு."

"என்ன பெரியப்பா, பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"பொய் இல்லை. கொப்பரைக் கேள். எங்கடை வளவின்ரை பெயர் என்னெண்டு கேள்."

அவள் திரும்பினாள். சச்சி நிமிர்ந்து உட்கார்ந்தான். "வேமண்டு," என்றான். "வள...வு. அம்மா... அப்பிடி."

சரித்திரம் படித்த பிள்ளை. ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப அந்தக் குண்டம்?"

"கணப்பு அடுப்பு."

"யாழ்ப்பாணத்திலையோ?"

நீலவேணிதான் பதில் சொன்னாள். "ஏன் பிள்ளை, நீ சொன்ன அந்த வருஷத்திலை, எங்கடை கல்வீட்டைக் கட்டின பாதிரி அங்கை சின்னப்பிள்ளையா இருந்திருக்கும். யூனிலை ஸ்னோவைக் கண்ட சீவன் பிறகு எந்த ஊர் வெய்யிலை நம்பும்? முதல்லை அடுப்பைத்தான் கட்டும்."

"அதே வருஷம்தான் அம்மா அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இவர் வளர்ந்து பிறகு வந்திருப்பார். அப்பிடி ஒரு ஐயர் இருந்திருக்கலாம்தான். தேடிப் பாக்க வேணும்."

"இருந்திருக்கலாம் இல்லை. இருந்தார்," என்றேன். "வேமண்டு ஐயர். வெர்மொன்ட்டிலை இருந்து வந்தவர். ஊர் அறிஞ்ச விஷயம்."

"நேற்றுவரைக்கும் ஏமந்த முதலியார் ஊர் அறிஞ்ச விஷயம்," என்றாள். குரலில் நக்கல் இருந்தது, கண் கலங்கியிருந்தது. பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப நாங்கள் ஆர் பெரியப்பா? அந்த வளவு எங்களிட்டை எப்பிடி வந்தது? நாங்கள் ஐயருக்குச் சமைச்சுப் போட்ட குசினிக்காரரோ?"

வெளியில் எவனாவது கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. நீலவேணி எண்ணெய்க்குள் ரோல்ஸை இறக்கினாள்.

"குசினியெண்டால் என்ன?" என்றாள். "இப்ப மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறம்?"

சச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகத்தால் சிரித்து அவனுக்குப் புரையேற, பிள்ளை ஓடிப்போய் அவன் முதுகைத் தடவினாள். நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவினேன். கலியாண வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். மேசையில் பாதிக்கு மேல் கிடந்தது. ரஸ்க் தூளில் உருட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்றாவதிலேயே பிடிபட்டுவிட்டது.

அவள் புறப்பட்ட வெள்ளிக்கிழமை கோயிலில் யோகராஜா பிடித்துக்கொண்டான். டூட்டிங்கிலிருந்து மாதம் ஒருமுறை வருவான். யார் வீட்டில் என்ன என்று அறிந்துகொண்டு போவான்.

"சபா அண்ணை, தம்பியின்ரை மகளை ஏர்போட்டிலை ஆரோ கண்டவையாம். பெரிய சூட்கேஸோடை. தனியவாம்."

"ஓம்."

"எங்கை பயணம்? அமெரிக்கா எண்டும் ஒரு கதை."

"எங்கடை வளவுக்கு," என்றேன்.

"வட்டுக்கோட்டைக்கோ? அங்கை இப்ப என்ன மிஞ்சிக் கிடக்கு?"

"எங்கடை வளவுக்கு எண்டுதான் சொன்னனான். வட்டுக்கோட்டை எண்டு நீர்தான் சொல்லுறீர்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வைதான் இப்போது டூட்டிங் முழுவதும் கதையாகத் திரிகிறது. தகட்டை நான் கழற்றவில்லை. அப்பா வைத்த பெயர் அப்படியே இருக்கிறது. ஞாயிறு தோறும் துலக்குகிறேன். அதன்பின் அடுப்படியில் வேலை இருந்தால் செய்துவிட்டு வருகிறேன். யாராவது கேட்டால், ஓடர் இருக்கிறது என்று சொல்கிறேன்.

மார்கழி முதல் நாள் பிள்ளை வீடியோவில் வந்தாள். ஒரு பழைய மரவீட்டில் அறை எடுத்திருக்கிறாள். அவள் பின்னால் யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"பூட்டினவையோ?" என்றாள் நீலவேணி முதல் கேள்வியாக.

"இன்னும் தெரியேல்லை அம்மா. தேடிக்கொண்டிருக்கிறன்."

சச்சி போனை வாங்கினான். இப்போது சின்னச் சின்ன வசனங்கள் வருகின்றன. "கு...ளிரோ?" என்றான்.

"கடும் குளிர் அப்பா."

நான் போனை என் பக்கம் திருப்பினேன். "மேனுஷா, இண்டைக்கு மார்கழி பிறந்திட்டுது. அந்த வீட்டிலை கணப்பு அடுப்பு இருக்கோ?"

"இருக்கு பெரியப்பா."

"அப்ப அதிலை ஒரு விளக்கு வை. எங்கடை வழக்கம்."

"விளக்கு எங்கை வைக்கிறது? இஞ்சை பாருங்கோ," என்று அவள் போனைத் திருப்பிப் பிடித்தாள்.

செங்கல் வளைவு. கரி. பெரிய விறகுக் கட்டைகள் இரண்டு, அவற்றின்மேல் சிவந்து எழும்பி நின்ற சுவாலை. எங்கள் குண்டத்தில் நெருப்பு எரிய நான் பார்த்தது அன்றுதான்.